உப்பு பிடித்துவைக்கும் வெயில்

புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையத்தில் இருப்பவருக்கு இயற்கையான வெந்நீரில் கால் நனைக்க ஆசை வந்தால் தூரம் போக வேண்டும். கடல் தாண்டினால் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா ஊற்றுகள். வடக்கே போனால் லடாக்கின் சாங்தாங் சரணாலயப் பகுதியில், சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் பூகா பள்ளத்தாக்கு. அங்கே ஊற்று 84 டிகிரியில் கொப்புளிக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான்.

இரண்டுமே பூமிக்குள்ளிருந்து ஏறி வரும் சூடு. வெயில் மட்டும் காய்ந்தும் வெந்நீர் தேங்கும். அதற்கு உப்பு வேண்டும்.

சாதாரணக் குளத்தில் சூடேறிய நீர் இலேசாகி மேலே வந்து, சூட்டைக் காற்றில் விட்டுவிடும். அடியில் கெட்டி உப்புநீரும் மேலே நன்னீரும் இருந்தால் கதை வேறு. வெயில் ஊடுருவி அடிநீரைச் சுடவைத்தாலும், உப்பின் கனம் அதை எழவிடாது. அசையாத மேல்நீர் கம்பளிபோல் மூடிக்கொள்ளும். இன்று ருமேனியாவில் உள்ள 'கரடி ஏரி'யில், கோடை முடிவில் 1.32 மீட்டர் ஆழத்தில் 70 டிகிரி இருந்ததை 1902-இல் ஆய்வாளர் கலேசின்ஸ்கி எழுதிவைத்தார். உப்பு நிலம் உள்வாங்கி 1875-இல் உண்டான ஏரி அது. ஓடைகளின் நன்னீர் மேலே பரவிக்கொண்டே இருக்கிறது.

மரக்காணம் உப்பளத்தில் இதற்கு இடமில்லை. பாத்தியில் நீர் ஆழமில்லை. அது ஆவியாக வேண்டும் என்பதுதான் அங்கே வேலையே. ஆவியாகும்போது மேல்நீர் முதலில் உப்பேறிக் கனத்துக் கீழிறங்கும், அடுக்கு நிற்காது.

கரடி ஏரியைவிட விசித்திரம் அண்டார்க்டிகாவின் வாண்டா ஏரி. ஆண்டு முழுக்க மூன்று நான்கு மீட்டர் பனிக்கட்டி மூடியிருக்க, எழுபது மீட்டர் அடியில் உப்புநீர் 25 டிகிரியில் கிடக்கிறது! பூமிச் சூடுதான் காரணம் என்று முதலில் சிலர் நினைத்தார்கள். பனி வழியே இறங்கிய வெயில் என்று பிறகு தெரிந்தது. அங்கிருந்த நியூசிலாந்து ஆய்வு நிலையத்துக்காரர்கள் 'நீச்சல் சங்கம்' ஒன்றுகூட வைத்திருந்தார்கள். கரையோரம் உருகிய பனிநீரில் வெடவெடத்தபடிதான் குளியல். வெதுவெதுப்பெல்லாம் ஏரியின் அடியில்.

குஜராத்தின் புஜ் நகரில் இதே தத்துவத்தில் 6,000 சதுர மீட்டரில் ஒரு குளம் வெட்டினார்கள். அதன் அடிச்சூட்டில் காய்ந்த வெந்நீர் பக்கத்துப் பால் பண்ணைக்குப் போனது.