உஷார்! கேரவனை விற்றுவிட்டு மோட்டார்ஹோம் வாங்கப் போகிறீர்களா?

கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அக்டோபரிலும் பர்மிங்காம் என்.இ.சி. மண்டபத்தில் பெரிய கண்காட்சி நடக்கிறது. வரிசை வரிசையாக மோட்டார்ஹோம்கள். உள்ளே ஏறினால் சோபா, அடுப்பு, குளிக்கும் அறை எல்லாம் பளபளவென்று இருக்கும். பிள்ளைகள் மேல்படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டோம் என்பார்கள். விற்பவர், "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான், உங்கள் பழைய கேரவனையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்பார். சாயங்காலத்துக்குள் டெபாசிட் கட்டியாகிவிடும்.

இங்கேதான் பயமாக இருக்கிறது.

பிரிட்டனில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. காருக்குப் பின்னால் கேரவனைக் கொளுவிக் கழற்றி முதுகு வலி கண்டவர்களுக்கு, ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் வியர்த்துப் போகிறவர்களுக்கு, நெடுஞ்சாலையில் லாரி கடந்து போகும்போது கேரவன் வாலாட்டிப் பதறியவர்களுக்கு, மோட்டார்ஹோம் நிம்மதியாகத்தான் தெரியும். நியாயமான ஆசை. ஆனால் பத்து வருடம் கேரவன் இழுத்த அனுபவம் இருக்கிறதே என்று நம்பி இறங்காதீர்கள். எடைக் கணக்கு மாறுகிறது. லைசென்ஸ் கணக்கு மாறுகிறது. யார் எங்கே உட்காரலாம் என்பதே மாறுகிறது.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், அம்மம்மா. கேரவனைக் கொடுத்துவிட்டு, ஆறு பேர் படுக்கலாம் என்று எழுதியிருந்த பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினார்கள். முதல் பயணமே வேல்ஸில் உள்ள ஸ்கந்த வேல் கோயிலுக்கு. அரிசிப்பை, சட்டி பானை, இடியப்ப உரல், பின்னால் இரண்டு சைக்கிள், தொட்டி நிறையத் தண்ணீர். கேரவனில் போனபோதும் இதெல்லாம் கொண்டு போனவர்கள்தான்.

வழியில் வாகனச் சோதனை. ஓரம் கட்டச் சொன்னார்கள். எடைமேடையில் ஏற்றினார்கள். 3,500 கிலோவுக்கு மேல் போகக்கூடாத வண்டி 3,690 கிலோ காட்டியது. பின் அச்சில் அளவுக்கு மேல் பாரம். அதிகாரி கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பக்கவாட்டு சோபாவில் அம்மம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் கடைக்குட்டி. இரண்டு பேருக்கும் பெல்ட் இல்லை. இல்லை என்றால், போடவில்லை என்பதல்ல. அந்த வண்டியில் பெல்ட் உள்ள இருக்கைகளே நான்குதான்.

"ஆறு பேருக்கு எண்டுதானே சொல்லி வித்தவங்கள்" என்று அந்த அம்மா அழுதிருக்கிறார். ஆறு என்பது படுக்கைக் கணக்கு. ஓடும்போது உட்காரும் கணக்கு அல்ல. பாரத்தை இறக்கும்வரை வண்டி நகரக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மம்மாவையும் பிள்ளையையும் அழைத்துப் போக லண்டனிலிருந்து உறவினர் கார் எடுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. அபராதம் போனது போகட்டும். அந்தப் பாரத்தோடு மழையில் பிரேக் பிடித்திருந்தால்? மடியில் இருந்த பிள்ளை எங்கே போய் விழுந்திருக்கும்?

எடைக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வண்டியின் உச்ச எடை 3,500 கிலோ என்று வையுங்கள். ஓடத் தயாரான நிலையில் அதன் சொந்த எடை 3,080. இதில் ஓட்டுநருக்கு 75 கிலோவும் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிய டீசலும் சேர்ந்திருக்கும். மிச்சம் 420. நிறைய இருப்பதாகத் தோன்றும். அம்மா, அம்மம்மா, மூன்று பிள்ளைகள் ஏறினால் சுமார் 253 போய்விடும். வெளியே விரிக்கும் கூடாரத் துணிக்கு 35. இரண்டாவது பேட்டரியும் சூரியத் தகடும் 40. சைக்கிளும் தாங்கியும் 45. இப்போது மிச்சம் 47 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியில் 100 லிட்டர் நிரப்பியவுடன் எல்லை தாண்டியாயிற்று. உடுப்பு, போர்வை, கேஸ் சிலிண்டர், சாப்பாடு எதையும் இன்னும் ஏற்றவில்லை!

கேரவனில் இந்தப் பாரத்தில் பாதி காரில் போனது. ஆட்கள் எல்லோரும் காரில் போனார்கள். இதில் எல்லாம் ஒரே நான்கு சக்கரத்தின் மேல். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டு நிற்கும் உடம்பில் சைக்கிளைத் தொங்கவிட்டால், அதன் எடையைவிட அதிகமாகவே பின் அச்சு அழுத்தப்படும். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. எவ்வளவு பாரம் ஏற்றலாம்? "அதெல்லாம் தாராளமா ஏத்தலாம்" என்று பதில் வந்தால் அதுதான் முதல் அபாய அறிகுறி. எண் வேண்டும். எழுத்தில் வேண்டும்.

அடுத்து, உங்கள் லைசென்ஸை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இப்போதே.

1997 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து பிரிட்டனில் கார் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு 'பி' வகைதான். 3,500 கிலோ வரையான வண்டிதான் ஓட்டலாம். அதற்கு முன் தேறியவர்களுக்கு 'சி1' சேர்ந்தே கிடைத்தது. அவர்கள் 7,500 கிலோ வரை ஓட்டலாம். இந்திய, இலங்கை லைசென்ஸை இங்கே நேரடியாக மாற்ற முடியாது என்பதால் நம்மில் பெரும்பாலோர் இங்கு வந்துதான் தேர்வு எழுதினோம். ஊரில் இருபது வருடம் லாரியே ஓட்டியிருந்தாலும் இந்தக் கணக்கில் அது சேராது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 16 முதல் 'பி' லைசென்ஸ் உள்ளவர்களும் 3,500 கிலோ வரையான டிரெய்லரைத் தனித் தேர்வு இல்லாமல் இழுக்கலாம். காரும் கேரவனும் சேர்ந்தால் நான்கு டன்னைத் தாண்டினாலும் அதனால் குற்றமில்லை. ஆனால் 3,650 கிலோ என்று பதிந்த ஒற்றை மோட்டார்ஹோமை அதே ஆள் ஓட்டினால் குற்றம். "இவ்வளவு நாள் இதைவிடப் பெரிசை ஓட்டினேனே" என்று சொல்லிப் பிரயோசனமில்லை. லைசென்ஸுக்கு மீறிய வண்டியில் விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிக்கலாம். எதிரே வந்தவருக்குப் பட்ட காயத்துக்கான பணத்தைக்கூட உங்களிடமே திருப்பிக் கேட்கலாம்.

வீட்டில் பெரியவர் ஓட்டப்போகிறாரா? இன்னும் கவனம். 70 வயதானதும் அந்தப் பழைய 'சி1' தானாகப் போய்விடும். டாக்டர் பரிசோதித்து எழுதிக்கொடுக்கும் டி4 படிவத்தோடு விண்ணப்பித்தால்தான் தொடரும். 68 வயதில் பெரிய வண்டி வாங்கி, இரண்டே வருடத்தில் பார்வைக் குறைவால் படிவம் தேறாமல் போனால் வண்டி முற்றத்தில் நிற்கும்.

இன்னொன்று. "பேப்பரில் 3,500-க்கு இறக்கித் தருகிறேன், சாதாரண லைசென்ஸே போதும்" என்று யாராவது சொன்னால் உஷார்! பேப்பரில் உச்ச எடை குறையும். வண்டியின் சொந்த எடை ஒரு கிலோகூடக் குறையாது. குறைவது நீங்கள் ஏற்றக்கூடிய பாரம் மட்டுமே. ஏற்கெனவே இருந்த இடமும் போய், ஆள் ஏறினாலே அளவு மீறும் நிலைக்கு வந்துவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். 12 வயது ஆகும்வரை அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பிள்ளைக்குரிய தனி இருக்கை வேண்டும். பக்கவாட்டு சோபாவில் அந்த இருக்கையைப் பொருத்த முடியாது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட் இல்லாமல் இருந்தால் பொறுப்பு ஓட்டுபவருக்கு. வாங்கப் போகும் அன்று உங்கள் காரில் இருக்கும் பிள்ளை இருக்கையைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கேயே மாட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் பெல்ட் இருக்கும், இருக்கை சரியாக உட்காராது. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

லண்டனில் இருப்பவர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஹாரோ, குரோய்டன், இல்ஃபர்ட் எல்லாம் 2023 ஆகஸ்ட் 29-லிருந்து யூலெஸ் என்ற மாசுக் கட்டண வட்டத்துக்குள்; ஈஸ்ட்ஹாம் அதற்கும் முன்பிருந்தே. யூரோ 6 தரம் இல்லாத டீசல் வண்டி வீட்டு வாசலைத் தாண்டினால் நாளுக்கு 12.50 பவுண்டு. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட பழைய வண்டி என்றால் கட்டணம் நாளுக்கு 100 பவுண்டிலிருந்து தொடங்கும். கேரவனுக்கு எஞ்சின் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை; காரை மட்டும் பார்த்தால் போதும். பதிவு வருடத்தை நம்பி வாங்காதீர்கள். அடிவண்டி ஒரு வருடம் முன்பே செய்யப்பட்டு, மேலே வீடு கட்டி முடிந்தபின் பதிவாகியிருக்கலாம். பதிவு எண்ணைப் போட்டு லண்டன் போக்குவரத்துத் துறை இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. கேரவன் இழுத்தால் நெடுஞ்சாலையில் 60 மைல்தான், மோட்டார்ஹோமில் 70 போகலாம். உண்மைதான். ஆனால் பாரமில்லாத எடையே 3,050 கிலோவைத் தாண்டினால் சாதாரண ஒற்றைச் சாலையில் 50, இரட்டைச் சாலையில் 60 என்று வரம்பு இறங்கிவிடும். கேமரா இதைக் கேட்டுக்கொண்டிருக்காது.

இதெல்லாம் சட்டம். எனக்கு இதைவிடக் கவலை, போய் இறங்கிய பிறகு நடப்பதுதான். கேரவனைத் திடலில் நிறுத்திக் கழற்றிவிட்டால் கையில் கார் இருக்கிறது. பால் வாங்கலாம், கோயிலுக்குப் போகலாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு மூச்சிரைத்தால் ஐந்து நிமிடத்தில் புறப்படலாம். மோட்டார்ஹோமில்? மின்கம்பியைக் கழற்ற வேண்டும். கேஸை மூட வேண்டும். படியை உள்ளே இழுக்க வேண்டும். மேலே திறந்திருக்கும் கூரை ஜன்னலைச் சாத்த வேண்டும். அலமாரிக் கதவுகளைப் பூட்ட வேண்டும். தூங்குகிற எல்லோரையும் எழுப்பி பெல்ட் போட வேண்டும். அவசரத்தில் மின்கம்பியோடு வண்டியை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வயதானவரும் நோயாளியும் உள்ள வீட்டுக்கு, ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்குகிற வழக்கம் உள்ளவர்களுக்கு, கேரவன்தான் பத்திரம் என்று நான் நினைக்கிறேன். தினம் ஒரு ஊர் என்று சுற்றும் இருவருக்கு மோட்டார்ஹோம் பொருந்தும்.

உயரத்தையும் மறக்காதீர்கள். பல வண்டிகள் மூன்று மீட்டரைத் தொடும். கடை வாகன நிறுத்தங்களில் குறுக்குக் கம்பி இரண்டு மீட்டர் சொச்சத்தில் தொங்கும். உங்கள் வண்டியின் உயரத்தை அடி, அங்குலத்தில் எழுதி ஸ்டியரிங் எதிரே ஒட்டுங்கள், கூரையில் பொருத்திய டிஷ்ஷையும் சேர்த்து. ஸ்கந்த வேல் போகும் லான்பம்செயின்ட் பக்கத்துச் சந்துகளில் எதிரே டிராக்டர் வந்தால் பின்னுக்குப் போகிறவர் நீங்களாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்தில் 626 மீட்டர் ஏறும் பீலக் நா பா மலைப்பாதைத் தொடக்கத்தில் பெரிய வண்டிகளும் கேரவன்களும் போக வேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்களா? ஏறியவுடன் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் நில்லுங்கள். ஈரத்தை மறைக்கிறார்கள். ஜன்னல் மூலைகளையும் படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகளின் சுவரையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது. ஈரமானியில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் சரிசெய்தே ஆகவேண்டும், 30 என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். "ரொம்பக் குறைவாகத்தான் ஓடியிருக்கு" என்பதும் ஒரு பொறி. நின்றே கிடந்த வண்டியின் டயர் வெடிக்கும். டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது கிழ டயர். எஞ்சினின் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தை விலையைவிடப் பல ஆயிரம் குறைத்து விளம்பரம், வண்டியைக் காட்டுவதற்கு முன்பே முன்பணம், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், ஆள் கொண்டுவந்து தருவார்" என்ற பேச்சு: மூன்றில் ஒன்று இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். வி5சி புத்தகத்தைக் காட்டினால் மனம் இளகாதீர்கள். அது உரிமைப் பத்திரம் அல்ல, யார் பெயரில் பதிவு என்று மட்டுமே சொல்லும். வண்டிமேல் கடன் நிலுவை இருக்கிறதா என்று தனியாகக் காசு கட்டிச் சோதியுங்கள்.

பணம் கட்டும்போது இன்னும் இரண்டு. விற்பனை நிலையத்துக்கு நேரில் போய்க் கையெழுத்திட்டால், மனம் மாறியது என்று 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது. கிரெடிட் கார்டில் கட்டினால் பாதுகாப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பொருளின் விலை 30,000 பவுண்டைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பைத் தரும் சட்டப்பிரிவு பொருந்தாது, டெபாசிட்டை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும்.

அதனால் முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். ஜூலை வெயிலில் வேண்டாம், நவம்பர் மழையில் எடுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் அதே நீளம், அதே எடை. வீட்டில் எல்லோரையும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, சமையல் சாமான் எல்லாவற்றோடும் பக்கத்தில் உள்ள பொது எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாழ்க்கைத் துணையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டுமே. திரும்பி வந்ததும் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். முற்றத்தில் இப்படி வண்டி நிறுத்தக்கூடாது என்று பல குடியிருப்புகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நிறுத்த இடம், காப்பீடு, வருடாந்தர எம்.ஓ.டி., சாலை வரி எல்லாவற்றுக்கும் விலை கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்.

அந்தத் தாள் கைக்கு வரும்வரை கேரவனை விற்க வேண்டாம்.