உலக இளையோர் மகளிர் கைப்பந்துப் போட்டி – ஒரு பார்வை

பந்தாடுதல் தமிழ் மகளிர்க்குப் புதியதன்று. பந்து, கழங்கு, ஓரை ஆகியன மகளிர் விளையாட்டுகளாகச் சங்கச் செய்யுட்களில் பேசப்படுகின்றன. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தாடும் மகளிர்க்கெனவே 'கந்துகவரி' என்னும் பகுதி அமைந்துள்ளது. ஆயினும் அப்பந்தாட்டம் மனைமுற்றத்தோடும் ஆயத்தாரோடும் அமைந்த ஆட்டமாகும். இன்றோ பள்ளியிறுதியையும் கல்லூரித் தொடக்கத்தையும் ஒத்த பருவத்து இளமங்கையர், தத்தம் நாட்டின் பெயரைத் தாங்கி, உலக அரங்கில் பந்தாடக் காண்கிறோம். அவ்வரங்குகளுள் ஒன்றாகிய உலக இளையோர் மகளிர் கைப்பந்துப் போட்டியின் வரலாற்றையும், அது நம்மனோர்க்கு உணர்த்தும் செய்தியையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

ஆட்டத்தின் தோற்றமும் இயல்பும்

கைப்பந்தாட்டம் 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில் தோன்றியது. அங்கு இளைஞர் கிறித்தவ சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராக விளங்கிய வில்லியம் மார்கன் என்பார் இதனை வகுத்தார். கூடைப்பந்தில் உள்ள மோதலும் நெருக்கமும் வயதில் முதிர்ந்தோர்க்கு ஏலா என்று கருதிய அவர், இரு அணியினரையும் ஒரு வலையால் பிரித்து நிறுத்தினார். 'மிண்டோனெட்' என்பது அவர் முதலில் இட்ட பெயர். பின்னரே 'வாலிபால்' என்னும் பெயர் நிலைத்தது.

18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளம். அதன் நடுவே வலை. வலையின் உயரம் ஆடவர்க்கு 2.43 மீட்டர், மகளிர்க்கு 2.24 மீட்டர். பக்கத்திற்கு அறுவர். ஓர் அணியினர் பந்தை மும்முறை தொடுவதற்குள் எதிர்ப்பக்கம் அனுப்பிவிடுதல் வேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடுதல் ஆகாது. சர்வீஸ் செய்யும் உரிமையை எதிரணியிடமிருந்து மீட்கும்தோறும் அறுவரும் ஓரிடம் சுழன்று நிற்றல் வேண்டும்.

இவ்விதிகளை ஊன்றி நோக்குவார்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, எதிரணியினரோடு உடல் மோதி ஆடும் ஆட்டமன்று இது. இரண்டாவது, எத்துணைத் திறனாளியும் தனித்து நின்று வெல்ல இயலாத ஆட்டம் இது. ஒருவர் பந்தை ஏற்க, மற்றொருவர் எடுத்துக்கொடுக்க, வேறொருவர் அடித்தாடுகிறார். 1998-ஆம் ஆண்டில் உலக விதிகளில் இடம்பெற்ற 'லிபரோ' என்னும் தற்காப்பு ஆட்டக்காரரையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். வேறுபட்ட நிறத்தில் மேலுடை அணிந்து பின்வரிசையில் மட்டும் ஆடும் இவர், வலைக்கு மேல் எழுந்து தடுத்தல் கூடாது; வலையினும் உயர்ந்த பந்தை அடித்தாடுதலும் கூடாது. விழும் பந்தைக் காப்பதே இவர் கடன். ஆதலின், உயரம் குறைந்தோர்க்கும் உலக அரங்கில் இடம் பெறும் வாய்ப்பு விரிந்தது.

போட்டியின் வரலாறு

பன்னாட்டுக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1947-இல் பாரிஸ் நகரில் நிறுவப்பெற்றது. மகளிர்க்கான முதல் உலகப் போட்டி 1952-இல் மாஸ்கோவில் நிகழ்ந்தது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் சேர்க்கப்பட்டபோது, மகளிர் பிரிவில் தங்கம் வென்ற நாடு ஜப்பான். அவ்வணியினருள் பெரும்பாலோர் 'நிச்சிபோ' என்னும் நூற்பாலையின் தொழிலாளர்கள். பகலில் ஆலையில் பணியாற்றி, இரவில் நெடுநேரம் பயிற்சி பெற்ற அம்மகளிர் சோவியத் அணியை வென்ற செய்தி உலகெங்கும் பரவியது.

எனினும் இளம்பருவத்தார்க்கெனத் தனி அரங்கு நெடுநாள் அமையவில்லை. இருபது வயதுக்குட்பட்ட மகளிர்க்கான உலகப் போட்டி 1977-இல் தொடங்கியது. அவரினும் இளையோர்க்கான போட்டி 1989-இல் பிரேசிலில் தொடங்கப்பெற்றது. இதுவே நம் கட்டுரைக்குப் பொருளாகிய இளையோர் போட்டி. ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் இப்போட்டி நெடுங்காலம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு உரியதாயிருந்தது. 2023 முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர்க்கு உரியதாயிற்று. பதினேழு வயதுக்குட்பட்டோர்க்கெனப் புதியதொரு போட்டி 2024-இல் பெரு நாட்டில் தொடங்கியது.

முதற்போட்டியில் சோவியத் யூனியன் வென்றது. 1991-இல் தென்கொரியாவும், 1993-இல் ரஷ்யாவும், 1995-இலும் 1999-இலும் ஜப்பானும் வாகை சூடின. பிரேசில் 1997, 2005, 2009 ஆகிய ஆண்டுகளிலும், சீனா 2001, 2003, 2007, 2013 ஆகிய ஆண்டுகளிலும் வென்றன. 1989 முதல் 2013 வரை நிகழ்ந்த பதின்மூன்று போட்டிகளுள் ஏழில் ஆசியாவின் கிழக்கு நாடுகளே வென்றமை கருதத்தக்கது. பின்னர் இத்தாலி 2015-இலும் 2017-இலும், அமெரிக்கா 2019-இலும் 2023-இலும், ரஷ்யா 2021-இலும் முதலிடம் பெற்றன.

இளமையில் இட்ட வித்து

இளையோர் போட்டியின் பயன் அதன் கோப்பையோடு முடிவதன்று. 2015-இல் பெரு நாட்டில் நடந்த போட்டியில் இத்தாலி வென்றபோது, மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பாவ்லா எகோனு. நைஜீரியப் பெற்றோர்க்கு இத்தாலியில் பிறந்த அவர்க்கு அப்போது வயது பதினாறு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலிய மகளிர் தங்கம் வென்றபோதும் மிகச் சிறந்த வீராங்கனை என்னும் சிறப்பைப் பெற்றவர் அவரே. ஒலிம்பிக் கைப்பந்தில் இத்தாலி பெற்ற முதல் தங்கம் அது.

இளையோர் போட்டியில் ஆடினோர் அனைவரும் இந்நிலையை எய்துவர் என நாம் கூறவில்லை. காயத்தால் விலகுவோரும், கல்வி நாடிச் செல்வோரும் பலர். ஆனால் பதினாறாம் வயதில் ஆடுகளம் அடைபட்டிருப்பின் இருபத்தைந்தாம் வயதின் வெற்றிக்கு இடமே இல்லை என்பது தெளிவு.

துருக்கி தரும் சான்று

முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் துருக்கி நாட்டின் வரலாறு நம் கவனத்திற்குரியது. 2003-இல் தலைநகர் அங்காராவில் நடந்த ஐரோப்பிய மகளிர் போட்டியில் அந்நாடு இரண்டாமிடம் பெற்றது. அவ்வணியினரை 'வலையின் சுல்தான்கள்' என மக்கள் அழைக்கலாயினர். எட்டாண்டுகளுக்குப் பின், 2011-இல், அதே அங்காராவில் இளையோர் உலகப் போட்டி நிகழ்ந்தது. இறுதியாட்டத்தில் சீனாவை வென்று துருக்கிச் சிறுமியர் உலக வாகை சூடினர். அடுத்த ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் துருக்கியின் மகளிர் கைப்பந்து அணி முதன்முறையாகப் பங்கேற்றது. 2023-இல் அந்நாட்டு மகளிர் நாடுகளின் லீக் போட்டியையும் ஐரோப்பியப் போட்டியையும் ஒரே ஆண்டில் வென்றனர். 2025-இல் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தை எட்டி, இத்தாலியிடம் தோற்று, இரண்டாமிடம் பெற்றனர்.

இவ்வளர்ச்சி ஒரு நாளில் வந்ததன்று. கழகங்கள் சிறுமியரைத் தேடிச் சென்று சேர்த்தன. நிறுவனங்கள் பொருளுதவி செய்தன. பெற்றோர் மகளை மாலைப் பயிற்சிக்கு அனுப்பினர். இம்மூன்றும் கூடியமையால் விளைந்த பயனே இது எனலாம்.

உடை என்னும் வினா

இவ்விடத்துப் பெரியோர் சிலர் உள்ளத்தில் ஒரு வினா எழும். துருக்கி வீராங்கனையர் அணியும் உடை நம் சமுதாயத்தார்க்கு உடன்பாடாகுமா என்பதே அது. நேர்மையான வினா, விடை கூறாது கடத்தல் தகாது.

ஆட்டம் வேறு, ஆட்டத்திற்கு அணியும் உடை வேறு என்பதே நம் விடை. கடற்கரைக் கைப்பந்தில் மகளிர்க்குக் குறைந்த உடையே விதியாக இருந்த காலம் உண்டு. சமய, பண்பாட்டு உணர்வுகளை மதித்து, 2012-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு அவ்விதியைத் தளர்த்தி, கையுள்ள மேலுடைக்கும் நீண்ட காலுடைக்கும் இடமளித்தது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் துஆ அல்கோபாஷி என்னும் பத்தொன்பது வயது மங்கை, ஹிஜாபும் முழுக்கையுடையும் அணிந்து கடற்கரைக் கைப்பந்து ஆடினார். ஜெர்மானிய அணியோடு அவர் ஆடிய படத்தை உலகெங்கும் உள்ள செய்தித்தாள்கள் வெளியிட்டன. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் அவ்வாறே களம் கண்டார். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014-இலும், உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017-இலும் தலைமறைப்புக்கு இருந்த தடையை நீக்கின. அந்த எகிப்து நாடே 2019-இல் இளையோர் மகளிர் கைப்பந்து உலகப் போட்டியை நடத்தியது.

ஆகவே, "நாணம் காத்தல் வேண்டும், ஆதலால் ஆட வேண்டா" என்னும் வாதம் இன்று வலுவிழந்துவிட்டது. நாணம் காத்தே ஆடலாம் என்பதற்குக் கண்கூடான சான்றுகள் உள்ளன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றிருப்பதைப் பெரியோர் நன்கறிவர்.

நம்முன் உள்ள கடமை

நம் வகுப்பறைகளுக்கு வரும் முதலாண்டு மாணவியரிடம் "விளையாடுவதுண்டா?" என வினவினால், "பள்ளியில் ஆடினேன்" என்னும் விடையே பெரிதும் கிடைக்கிறது. "ஆடுகிறேன்" என்பார் மிகச் சிலர். பதினேழு வயது மகளிரின் வினை இறந்தகாலத்தில் முடிந்துபோவது இலக்கணச் செய்தியன்று; சமுதாயச் செய்தி. உலகம் எந்த வயதினர்க்கென ஓர் அரங்கையே அமைத்திருக்கிறதோ, அந்த வயதிலேதான் நம் வீடுகளில் ஆட்டம் நிறுத்தப்படுகிறது.

இதற்குப் பெற்றோரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. மாலையில் மகள் எப்போது வீடு திரும்புவாள், யார் பயிற்றுவிப்பார், வெளியூர்ப் போட்டிக்கு யார் துணை செல்வார் என்னும் அவர்தம் கவலைகள் பொருளுடையன. அக்கவலைகளுக்கு விடை காணும் பொறுப்பு கல்வி நிறுவனங்களையும் ஊர்ப் பெரியோரையும் சார்ந்தது.

செய்யத்தக்கன அரியனவல்ல. கைப்பந்துக்கு ஒரு வலையும் ஒரு பந்தும் சிறிது சமநிலமும் போதும். மகளிர்க்கெனச் சுற்றடைப்புள்ள ஆடுகளம் ஒன்றை அமைக்கலாம். பெண் பயிற்றுநர் ஒருவரை அமர்த்தலாம். மஃக்ரிப் தொழுகை நேரத்திற்கு முன் மாணவியர் வீடு சேரும் வண்ணம் பயிற்சி நேரத்தை வகுக்கலாம். மாணவியர் விரும்பும் முழுவுடைக்கும் தலைமறைப்புக்கும் அணியுடையிலேயே இடமளிக்கலாம். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பேராசிரியையோ தாய்மாருள் ஒருவரோ உடன்செல்ல ஏற்பாடு செய்யலாம். பரிசளிப்பு விழாவுக்குப் பெற்றோரை அழைத்து முன்வரிசையில் அமர்த்தலாம்.

இவையெல்லாம் செய்தாலும் நம் மாணவியர் உலகப் போட்டிக்குச் செல்வரோ எனச் சிலர் ஐயுறலாம். சென்றால் மகிழ்வோம், செல்லாவிடினும் இழப்பில்லை. உடல்நலமும், தோல்வியைத் தாங்கும் உள்ளமும், தன் இடம் சுழன்று வரும்போது அங்கு நின்று கடனாற்றும் பண்பும் ஒவ்வொரு மாணவிக்கும் உரிய செல்வங்கள். நாளை அவள் ஆசிரியையாகவோ மருத்துவராகவோ இல்லத்தலைவியாகவோ விளங்குங்கால் அச்செல்வங்கள் அவளுக்குத் துணைநிற்கும்.

நம் முன்னோர் பெண்கல்விக்கு இருந்த தயக்கத்தைப் படிப்படியாகக் களைந்தனர். அதன் பயனாகவே இன்று நம் மகளிர் பட்ட வகுப்புகளில் பயில்கின்றனர். நூலகத்தின் கதவைத் திறந்த அக்கைகளே ஆடுகளத்தின் கதவையும் திறத்தல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக.