பழைய எம்.ஜி.பி. காருக்குப் புதிய பாகங்கள்

இங்கிலாந்தில் பழைய மோட்டார் வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் ஏராளம். அவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் வண்டிகளுள் எம்.ஜி.பி. ஒன்று. ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இவ்வகை வண்டிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவாயின. தொழிற்சாலை மூடப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதற்குரிய பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கிடைப்பனவற்றுள் தக்கதைத் தெரிந்தெடுப்பதே கடினம். பெட்ரோல் செல்லும் பாதையிலும், புகை வெளியேறும் பாதையிலும் இத்தெரிவு உயிரோடு தொடர்புடையது.

காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. இவ்வண்டியில் இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர்கள் உண்டு. அவை புகைக் குழாய்கள் கிளம்பும் அதே பக்கத்தில், வார்ப்பிரும்பு மேனிபோல்டுக்கு நேர் மேலே அமர்ந்துள்ளன. இடையே ஒரு தகட்டுத் தடுப்பு இருப்பினும், மேலே கசியும் பெட்ரோல் கீழே கொதிக்கும் இரும்பை நாடியே இறங்கும். மிதவைக் கிண்ணம் நிரம்பி வழிந்தால் அப்பெட்ரோலை மேனிபோல்டைத் தாண்டித் தரைப் பக்கம் விடுவதற்கென்றே மெல்லிய வடிகுழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய வண்டியை வாங்குவோர் முதலில் தேட வேண்டியது இக்குழாயையே. பயனற்றதென்று எண்ணி முன்னிருந்தவர் கழற்றி எறிந்திருப்பதும் உண்டு.

அடுத்தது பெட்ரோலின் மாற்றம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். உயர்ரகப் பெட்ரோலில் அது 5 சதவீதத்துக்கு மேற்படாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் சிலவற்றை ஊதவும் வெடிக்கவும் செய்யும். துத்தநாகம், பித்தளை போன்றவற்றை அரிக்கும். ஆகவே பாகத்தின் எண் பொருந்தினால் போதும் என்ற பழைய விதி இப்போது பாதி உண்மையே. எண் சொல்வது வடிவத்தை மட்டும். எப்பொருளால் ஆனது என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

ரப்பர் குழாய் விஷயத்தில் இது மிக முக்கியம். விலை குறைந்த குழாய்கள் சில ஓரிரு ஆண்டுகளிலேயே உட்புறம் நைந்துவிடுகின்றன. மேலே கம்பி பின்னிய உறை இருப்பின் வெடிப்பு கண்ணுக்கும் தெரியாது. ஆர்-9 என்னும் தரக்குறி அச்சிட்ட குழாய் எத்தனாலைப் பெரிதும் தாங்கும். 'பழைய சரக்கு, பெட்டி பிரியாதது' என்று பெருமையாக விற்கப்படும் அசல் பாகங்களுள் உலோகத்தாலானவற்றை நம்பி வாங்கலாம். ரப்பரும் டயாபிரமும் அப்படியல்ல. பெட்டிக்குள் இருந்தாலும் அவற்றுக்கு வயதாகிவிடும்.

கார்பரேட்டரை அடையாளங்காண ஓர் எளிய வழி உண்டு. மிதவைக் கிண்ணத்தின் மூடித் திருகில் சிறு தகடு தொங்கும், அதில் ஏ.யூ.டி. என்ற எழுத்துகளுடன் ஓர் எண் இருக்கும். ஊசியும் ஜெட்டும் அவ்வெண்ணுக்கு உரியவையாக இருக்க வேண்டும். 1970களில் கார்பரேட்டரின் வகையே மாறியது. அமெரிக்காவுக்குச் சென்ற பிற்கால வண்டிகளில் ஒரேயொரு ஸ்ட்ராம்பெர்க்தான் இருந்தது. எனவே ஆண்டை மட்டும் சொல்லிப் பாகம் கேட்பது சரியாகாது. எஸ்.யூ. பெயரும் உரிமையும் இன்று சாலிஸ்பரி நகரிலுள்ள பர்லன் நிறுவனத்திடம் இருக்கின்றன; கார்பரேட்டர்களும் பம்புகளும் அங்கே இன்னும் புதிதாகவே செய்யப்படுகின்றன.

பம்பு மின்சாரத்தால் இயங்குவது. வண்டியின் பின்புறத்தில் உள்ளது. அது தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 பவுண்டே. வலிமை மிக்க வேறு பம்பை மாட்டினால் அழுத்தம் ஊசி வால்வைத் தள்ளித் திறந்து கிண்ணத்தை வழியச் செய்யும். 1967 வரை வந்த வண்டிகளில் மின்கலத்தின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது, பின்னர் எதிர்முனை. மின்னணுப் பம்பு வாங்குவோர் இதைக் கவனியாவிடில் பணம் வீண்.

புகைப் பாதையில் பாகங்களின் விலை குறைவு, உழைப்பே அதிகம். சாதாரண எஃகு சைலென்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெளியேறாமல் குளிர்ந்து தங்கிவிடுகிறது. துருவேறா எஃகு நீடிக்கும். ஆயின் அதிலும் தரங்கள் உண்டு. 304 என்ற தரம் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது; 409 ஒட்டும், மேலே துருவும் படரும். மேனிபோல்டின் கீழ்முனைக்குப் பித்தளை மரைகளையே போட வேண்டும். எஃகு மரை வெப்பத்தில் இறுகி, அடுத்த முறை கழற்றுகையில் திருகாணியையே முறித்துவிடும்.

வாங்குமிடங்கள் பல. 1975இல் தோன்றிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளைக் காத்து, உடற்பகுதிகளைச் செய்து தருகிறது. 1930இல் தொடங்கிய எம்.ஜி. கார் கிளப்பும், 1973இல் தொடங்கிய எம்.ஜி. ஓனர்ஸ் கிளப்பும் உறுப்பினருக்கு ஆலோசனை கூறுகின்றன. எந்தப் பாகம் யாருக்கு எத்தனை நாள் உழைத்தது என்ற செய்தி அங்கே கிடைக்கும். விலைப்பட்டியலில் அது இராது. ஹாம்ப்ஷயரில் பியூலி என்னுமிடத்தில் 1967 முதல் நடந்துவரும் பழம் பாகச் சந்தையில் கிண்ணங்களும் மேனிபோல்டுகளும் குவிந்து கிடக்கும். கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

நம் நாட்டாருக்கும் இதில் நெருங்கிய தொடர்பு உண்டு. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. பல்லாண்டுகள் அதை இழுத்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின், எம்.ஜி.பி.யின் 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. அதிலும் கார்பரேட்டரும் புகைக் குழாயும் ஒரே பக்கந்தான். இந்தியாவிலோ 2025இல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. ஆகவே வீட்டு வாயிலில் நிற்கும் பழைய அம்பாசடரின் ரப்பர் குழாய்களைப் பற்றிய கவலை பிரிட்டிஷாரின் கவலையைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கத்தகும்.

புதிய பாகங்களைப் பொருத்தியபின், எஞ்சினைக் கிளப்பாமல் எம்.ஜி.பி.யின் சாவியை மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய பாணி எஸ்.யூ. பம்பு டிக் டிக்கென்று ஒலிக்கும். கிண்ணங்கள் நிரம்பியதும் அடங்கும். அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் ஒன்று தொட்டியில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அந்நிலையில் சாவியைத் திருப்பி மூடிவிட்டுக் குழாயைப் பார்ப்பதே முதல் வேலை.