ஒரு குட்டிக் கார்... ஒரு டென்ட்... ஊர் பூரா மழை!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. கையில நாலு நாள் லீவ். கேங்ல ஒருத்தனோட அப்பா, பழைய ஆல்டோ சாவியைத் தரச் சம்மதிச்சுட்டார் (பெட்ரோல் உங்க செலவுங்கற கண்டிஷனோட!). ஊட்டி, ஏற்காடுன்னு போன் போட்டுப் பார்த்தா, ரூம் வாடகையைக் கேட்டதுமே தலை சுத்துது. அப்போதான் யாராவது ஒருத்தர் கொளுத்திப் போடுவாங்க... 'மச்சி, டென்ட் போட்டா என்ன?' ஜன்னலுக்கு வெளியே மழை வேற தூறிட்டு இருக்கும். அவ்வளவுதான், பிளான் ரெடி!

சூப்பர் பிளான்தான் பாஸ், தடுக்கற ஐடியா நமக்கு இல்லை. ஆனா மழையில டென்ட் போடறதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. அதை ஒரு நிஜமான ஊரை வெச்சே பார்த்துடலாம். தர்மபுரி மாவட்டம், மாரண்டஹள்ளி!

தர்மபுரியில இருந்து பாலக்கோடு தாண்டி, ராயக்கோட்டை, ஓசூர் போற வழியில வர்ற பேரூர் இது. சேலம் - ஓசூர் ரயில் பாதையில ஒரு குட்டி ஸ்டேஷனும் உண்டு. 'ஹள்ளி'ன்னா கன்னடத்துல ஊர். டீக்கடையில அஞ்சு நிமிஷம் நின்னா தமிழ், கன்னடம், தெலுங்குன்னு மூணும் காதுல விழும். சுத்திலும் தக்காளித் தோட்டம், மாந்தோப்பு, கேழ்வரகுக் கொல்லை. அதுக்கு அந்தப் பக்கம் மலையும் காடும். பக்கத்துல பஞ்சப்பள்ளியில சின்னாறு அணை. அந்தச் சின்னாறுதான் ஒகேனக்கல் கிட்ட போய் காவிரியில கலக்குது. கண்ணுக்கு விருந்து, கூட்டமும் கம்மி. டென்ட் போட இதைவிட வேற என்ன வேணும்?

வேணும். முதல்ல, இடம் யாருதுன்னு தெரியணும்!

காட்டு ஓரம் அழகா இருக்கேன்னு காரை ஓரங்கட்டிட்டு இறங்கிடாதீங்க. இங்கே இருக்கற காடுகள்ல பெரும்பகுதி காப்புக்காடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல 686 சதுர கிலோமீட்டரை, 2022 நவம்பர்ல 'காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம்'னு தமிழ்நாடு அரசு அறிவிச்சது. அனுமதி இல்லாம காட்டுக்குள்ள போறதே குற்றம். ராத்திரி தங்கறதைப் பத்திப் பேசவே வேண்டாம். காட்டுக்குள்ள நடந்தே ஆகணும்னா, 2024 அக்டோபர்ல வனத்துறை தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல 40 பாதைகள் இருக்கு. கட்டணம் கட்டி, கைடோட போகலாம். குரங்கணியில 2018 மார்ச்ல மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டின கதையை மறந்திருக்க மாட்டீங்க. அதுக்கு அப்புறம் வந்த கட்டுப்பாடுகளைத் தொல்லைன்னு நினைக்காதீங்க.

அப்போ எங்கேதான் தங்கறது? உங்க கிளாஸ்லேயே பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பக்கத்து ஆள் ஒருத்தராவது இருப்பாங்க. அவங்க வீட்டுத் தோட்டம்! களத்துமேடு கிடைச்சா ராஜயோகம். மேடா, கெட்டியா, தண்ணி தேங்காம இருக்கும். கிணத்து மோட்டார் பக்கத்துலேயே இருக்கும். 'தாத்தா, இங்கே டென்ட் போட்டுக்கலாமா?'ன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேட்டா, களியும் குழம்பும் சேர்த்தே கிடைக்க வாய்ப்பு உண்டு!

அந்தத் தாத்தாகிட்ட இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுடுங்க. 'இந்தப் பக்கம் யானை வருமா? பக்கத்துல கரன்ட் வேலி யாராவது போட்டிருக்காங்களா?'

சிரிக்காதீங்க. கர்நாடகக் காடுகள்ல இருந்து யானைக் கூட்டங்கள் மழைக்காலத்துக்குப் பின்னாடியும் பனிக்காலத்துலயும் இந்தப் பக்கம் வர்றது வழக்கம். கேழ்வரகு கதிர் பிடிக்கற நேரமும் அதுதான். நீங்க ஜாலியா டென்ட்ல படுக்கற அதே ராத்திரி, பக்கத்துக் கொல்லைக்காரர் பரண்ல உட்கார்ந்து, தூக்கத்தைத் தொலைச்சுக் காவல் காத்துட்டு இருப்பார். ஒரு வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில போயிடும்ங்கற பயம் அவருக்கு. அந்தப் பயத்துல சிலர் செய்யற விபரீதம்தான் திருட்டு மின்வேலி. 2023 மார்ச்ல மாரண்டஹள்ளி பக்கத்துல, சட்டவிரோதமா போட்டிருந்த மின்வேலியில சிக்கி மூணு யானைகள் செத்துப் போச்சு. கூட வந்த ரெண்டு குட்டிகள் மட்டும் தப்பிச்சு, அந்த உடல்களைச் சுத்திச் சுத்தி வந்த காட்சியை டி.வி-யில பார்த்தவங்களுக்கு அன்னைக்குச் சோறு இறங்கியிருக்காது.

இதுல நமக்கு என்ன? இருக்கே! சோலார் வேலின்னா பேட்டரியில ஓடும். விட்டு விட்டு ஒரு கணம் ஷாக் அடிக்கும். வலிக்கும், தள்ளிவிடும், கொல்லாது. திருட்டு வேலி அப்படி இல்லை. லைன்ல இருந்து நேரா எடுத்த 230 வோல்ட், நிக்காம ஓடிட்டே இருக்கும். அவ்வளவு பெரிய யானைக்கே அந்தக் கதின்னா, நடுராத்திரி மழையில செருப்பு கூடப் போடாம, 'ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்டா'ன்னு இருட்டுல வரப்புல இறங்கற நம்மாளு கதி? மின்வேலிகளைப் பதிவு செய்யணும்னு 2023-ல தமிழ்நாடு விதிகள் கொண்டு வந்தது. ஆனா விதி வந்ததுன்னு கம்பிக்குத் தெரியாது. அதனால பகல் வெளிச்சத்துலேயே, எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் கூடாதுன்னு தோட்டக்காரரோட ஒரு ரவுண்டு நடந்து பார்த்துடுங்க. டார்ச் இல்லாம யாரும் டென்ட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது.

யானை டென்ட் பக்கம் வராதுன்னும் நினைக்காதீங்க. 2021 ஜனவரியில வயநாடு, மேப்பாடி பக்கத்துல டென்ட்ல தங்கப் போன ஓர் இளம்பெண் யானை தாக்கி இறந்துபோனாங்க. 'நேத்துகூட வந்துச்சு தம்பி'ன்னு தாத்தா சொன்னா, அன்னைக்கு டென்ட் வேண்டாம். அவர் வீட்டுத் திண்ணையே போதும்!

சரி, இனி மழைக்கு வருவோம்.

தர்மபுரிப் பக்கம் ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பல நாள் ஒரே ஸ்டைல்தான். மத்தியானம் வரை வெயில் சுள்ளுனு அடிக்கும். சாயங்காலம் மேகம் திரண்டு, இடியும் மின்னலுமா ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். ஸோ, மூணு மணிக்குள்ள டென்ட் நின்னாகணும். மழையில நனைஞ்சுக்கிட்டே கம்பியை எதுல சொருகறதுன்னு தேடுறது கொடுமை.

டென்ட் வாங்கறப்போ கலரைப் பார்க்காதீங்க, ரெண்டு லேயர் இருக்கான்னு பாருங்க. உள்ளே ஒரு மெல்லிசு துணி, மேலே மழைக்குன்னு தனி உறை. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாம விறைப்பா நிக்கணும். உறை மேல 2000 மி.மீ., 3000 மி.மீ-னு போட்டிருப்பாங்க. அந்தத் துணி மேல அத்தனை உயரத்துக்குத் தண்ணியை நிறுத்தினாலும் கசியாதுன்னு அர்த்தம். 'அப்புறம் ஏன் சார் காலையில உள்ளே ஈரம்?'னு கேட்பீங்க. அது மழை இல்லை, நீங்கதான்! மூச்சுலயும் வியர்வையிலயும் வெளியேறுற ஆவி, குளிர்ந்த துணியில பட்டுத் துளியா இறங்குது. குளிருதேன்னு எல்லா ஜிப்பையும் இழுத்து மூடாதீங்க. மேலே இருக்கற காத்துவாசல் திறந்தே இருக்கட்டும்.

அடியில தார்ப்பாய் விரிக்கறவங்க பலர் செய்யற தப்பு, அது டென்ட்டுக்கு வெளியே அரை அடி நீட்டிக்கிட்டு இருக்கும். மேலே இருந்து வழியற மழை நேரா தார்ப்பாய்ல இறங்கி, டென்ட்டுக்கு அடியில குளம் கட்டிடும். ஓரத்தை உள்ளே மடிச்சு விடுங்க. ஈர மண்ல முளை நிக்காது. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கல்லை வைங்க. இங்கே கல்லுக்கா பஞ்சம்?

இந்த இடத்துலதான் நம்ம குட்டிக் கார் ஹீரோ ஆகுது. மூணரை மீட்டர்கூட இல்லாத வண்டிதான். நாலு பேர் ஏறினா டிக்கியில டென்ட்டும் ஒரு அடுப்பும்தான் போகும், மத்ததெல்லாம் மடியில. ஆனா காத்து வர்ற பக்கமா அதை நிறுத்தினா டென்ட்டுக்கு ஒரு சுவர். மேலே கேரியர் இருந்தா, அதுல தார்ப்பாயோட ஒரு பக்கத்தைக் கட்டி, மறுபக்கத்துக்கு ரெண்டு கழி நட்டா, சமைக்க ஒரு தாழ்வாரம் ரெடி. டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்தவைக்கற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம்.

மின்னல் வந்தாலும் கார்தான் காப்பாத்தும். மின்னலைக் கண்டதும் எண்ண ஆரம்பிங்க. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூணு செகண்ட். 30 எண்ணறதுக்குள்ள இடி கேட்டா, அது பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம். டென்ட்டை விட்டுட்டு எல்லாரும் காருக்குள்ள ஏறிக் கண்ணாடியை ஏத்திடுங்க. 'டயர் ரப்பர்தானே, அதான் சேஃப்'னு யாராவது பிலிம் காட்டினா நம்பாதீங்க. சுத்தி இருக்கற இரும்புக்கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாவே கடத்தித் தரைக்கு அனுப்பிடும். 1836-ல மைக்கேல் ஃபாரடே செஞ்சு காட்டின விஷயம் இது. ஒத்தை மாமரத்தடி? வேண்டவே வேண்டாம். இந்தியாவுல மின்னல் மட்டும் வருஷத்துக்கு 2,500 பேருக்கு மேல கொல்லுது.

காருக்குள்ளேயே தூங்கலாம்னு தோணினா, தாராளமா. ஆனா இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, மின்னல் ஓய்ஞ்சதும் ஜன்னலை ரெண்டு விரல் இறக்கிட்டுத் தூங்குங்க. ஏ.சி-யைப் போட்டுட்டு மூடின வண்டிக்குள்ள தூங்கினவங்க எழுந்திருக்காம போன செய்திகள் அடிக்கடி வருது. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரையில நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. காரணம், ஜெனரேட்டர்ல இருந்து உள்ளே நுழைஞ்ச கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

அதே காரை வில்லனாக்கற இடம் ஒண்ணு இருக்கு... ஓடுற தண்ணி! காஞ்சு கிடக்கற சின்னாத்து மணல் மெத்தை மாதிரி இருக்கும். அங்கே டென்ட்டும் வேண்டாம், காரும் வேண்டாம். உங்க தலைக்கு மேல ஒரு துளி விழாமலே, மேல்பக்கம் பெஞ்ச மழையிலயோ அணை உபரி நீரிலயோ ஆறு வந்துடும். ஓடுற தண்ணி அரை அடி இருந்தா ஆளைச் சாய்க்கும்; ஒரு அடி இருந்தா சின்னக் காரை மிதக்க வெச்சு இழுத்துட்டுப் போயிடும். 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல் மழையில பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சு. ரோட்டோரம் நின்ன வேனும் காரும் காகிதக் கப்பல் மாதிரி போனதை வீடியோவுல பார்த்தோமே! தரைப்பாலத்துல தண்ணி ஓடுதா? இந்தப் பக்கமே நிறுத்தி, டீ குடிச்சுட்டுக் காத்திருங்க. மீறி இறங்கி இன்ஜின் நின்னுட்டா, திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா இன்ஜினே காலி. அப்பா அடுத்த ஜென்மத்துலயும் சாவி தர மாட்டார்.

செம்மண்ல சக்கரம் சுத்திச் சிக்கிட்டா, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகும். சாக்கையோ தென்னை ஓலையையோ முன் சக்கரத்துக்கு அடியில திணிச்சு, ரெண்டாவது கியர்ல மெதுவா எடுங்க. (நானோவா இருந்தா பின் சக்கரத்துக்கு! அதுக்கு இன்ஜினே பின்னாடிதானே.) வண்டியை நிறுத்தறப்பவே மூக்கு ரோட்டைப் பார்த்தபடி, கெட்டித் தரையில நிறுத்தினா இந்தத் தள்ளுமுள்ளே இல்லை.

காலையில ஷூவை உதறிட்டுப் போடுங்க. தேளுக்கும் ஈரத்துல ஒதுங்க இடம் வேணுமே. சாப்பிட்ட பாக்கெட்டெல்லாம் டிக்கிக்கே திரும்பணும். டென்ட்டை அவசரத்துல ஈரத்தோட சுருட்டித்தான் கொண்டு வருவீங்க, பரவாயில்லை. ஆனா ஹாஸ்டல் வந்ததும் கட்டிலுக்கு அடியில தள்ளிடாதீங்க. ரெண்டே நாள்ல பூஞ்சை பிடிச்சு நாறும். அன்னைக்கே மொட்டை மாடிக் கொடியில காயப் போடுங்க. வார்டன் வந்து 'இது என்னடா?'ன்னு கேட்டா... அடுத்த டிரிப்புக்கு அவரையும் கூப்பிட்டுப் பாருங்க. கார்ல இடம் இருக்காதுங்கறதுதான் ஒரே பிரச்னை!