செவிச் செல்வத்துக்கு ஒரு நாட்குறிப்பு

புத்தகத்தைப் போல் அலமாரியில் நின்று தன்னை நினைவூட்டும் ஸ்தூல வடிவம் பாட்காஸ்ட்டுக்கு இல்லாமையால், பிரயாணத்திலும் சமையற்கட்டிலும் நாம் ஆவலோடு கேட்கும் அரிய சம்பாஷணைகளில் பெரும்பகுதி விரைவிலேயே மனத்தை விட்டு நழுவிப்போகிறது. பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து பரிசோதித்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், மறதி தொடக்க மணி நேரங்களிலேயே அதிவேகமாக நிகழ்கிறது என்று 1885-இல் எழுதினார்.

ஆகவே, கேட்டவற்றைக் குறித்துவைப்பது அத்தியாவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம். சிற்றலை வானொலி நேயர்கள் தேதி, நேரம், அலைவரிசை, ஒலித்தெளிவு ஆகியவற்றைச் சிரத்தையுடன் பதிந்து, அவ்விவரங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பி, அவற்றை உறுதிசெய்யும் கியூ.எஸ்.எல். அட்டையைப் பெற்று ஆனந்தித்தார்கள். அந்தச் சம்பிரதாயத்தின் வாரிசே பாட்காஸ்ட்டுக்கென நாம் வைக்கும் இந்தக் குறிப்பேடு.

பாட்காஸ்ட் செயலி தானே வைத்திருக்கும் பட்டியல், எது ஒலித்தது என்பதை மட்டுமே சொல்லும். எது மனத்தில் தைத்தது என்பதை நாமே எழுதவேண்டும். 1998 முதல் பிபிசி வழங்கிவரும் ‘இன் அவர் டைம்’ தொடரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைக் கேட்டு முடித்தவுடன், தலைப்பையும் தேதியையும், நம்மைக் கவர்ந்த கருத்தையும் சொந்த வாக்கியமொன்றில், அது வரும் நிமிஷத்தோடு குறித்துவைத்தால், வேண்டும்போது அவ்விடத்துக்கே நேரே திரும்பலாம்.