ஷேக்ஸ்பியர் என்னும் பெயரும் அதன் கேடயமும்

1487 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்டிலுள்ள மெர்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த ஹியூ என்பவர் தம் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு சாண்டர் ஆனார். பழைய பெயர் இழிவானதாகக் கருதப்பட்டதே காரணம் என்று கல்லூரிப் பதிவேடு கூறுகிறது. அவர் துறந்த அந்தப் பெயர் ஷேக்ஸ்பியர்!

ஆங்கில நாட்டில் குடும்பப் பெயர்கள் 1066 இல் நார்மானியர் வெற்றி கொண்ட பின்னரே மெல்ல நிலைபெற்றன. ஊரால் சில வந்தன, தொழிலால் சில, தந்தையின் பெயரால் சில. அண்டை அயலார் வைத்த பட்டப்பெயரே தலைமுறை தோறும் ஒட்டிக்கொண்டதும் உண்டு. ஷேக்ஸ்பியர் இக்கடைசி வகையைச் சேர்ந்தது. ஷேக் என்றால் அசைத்தல். ஸ்பியர் என்றால் ஈட்டி. ஈட்டியைச் சுழற்றுபவன் என்பது பொருள். முதலில் அப்பெயர் பெற்றவன் போர்வீரனோ, சந்தையில் வம்புக்கு நிற்கும் முரடனோ, யார் கண்டார்! ஈட்டியை முறிப்பவன் எனப் பொருள்படும் பிரேக்ஸ்பியர் என்ற பெயரும் உண்டு. அப்பெயருடைய நிக்கொலஸ் 1154 இல் நான்காம் ஏட்ரியன் என்ற போப்பாண்டவராகவே உயர்ந்தார். ஷேக்ஸ்பியர் பெயருக்கு அத்தகைய தொடக்கம் வாய்க்கவில்லை. பழைய ஏடுகளில் தோன்றும் முதல் ஷேக்ஸ்பியர்களுள் ஒருவன், 1248 இல் கொள்ளைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டவன். அவன் பெயரும் வில்லியம்தான்.

இத்தகைய பெயருக்கு மதிப்புத் தேட முயன்றவர் நாடகாசிரியரின் தந்தை ஜான். ஸ்ட்ராட்போர்டில் கையுறை செய்து விற்றவர். 1568 இல் அந்நகரின் தலைவராகவும் விளங்கினார். பின்னர் அவர் குலச்சின்னம் வேண்டி விண்ணப்பித்தார். அக்காலத்தில் சின்னம் என்பது வெறும் அலங்காரமன்று. அதைத் தாங்குபவன் கனவான் என்பதற்கு அரசு அளித்த சான்று அது. அதை ஆராய்ந்து வழங்கும் உரிமை, 1484 இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் நிறுவிய கட்டியக்காரர் கல்லூரிக்கு இருந்தது. ஆனால் ஜானின் செல்வம் சரிந்தது, கடன் பெருகியது, விண்ணப்பம் கிடப்பில் கிடந்தது.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின், மகன் இலண்டனில் பொருளீட்டிய காலத்தில், விண்ணப்பம் உயிர்பெற்றது. 1596 அக்டோபர் 20 ஆம் நாள் தலைமைக் கட்டியக்காரர் வில்லியம் டெதிக் சின்னத்தை வழங்கினார். பொன்னிறக் கேடயம், அதன் குறுக்கே சரிந்து செல்லும் கரிய பட்டை, பட்டையின் மேல் வெள்ளி முனை பூண்ட பொன் ஈட்டி. உச்சியில் வெண்சிறகு விரித்த வல்லூறு ஒன்று ஈட்டியைப் பற்றி நிற்கும். பெயரின் பொருளையே படமாக்கும் இவ்வகைக்குப் பேசும் சின்னம் என்று பெயர். இழிவென்று ஒருவர் உதறிய ஈட்டியே இங்கே பொன்னாக மின்னுகிறது.

'உரிமையின்றி அன்று' என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகமும் உடன் இருந்தது. வரைவு எழுதியவர் முதலில் நடுவே ஒரு காற்புள்ளியை இட்டுவிட்டார். உடனே பொருள், 'இல்லை, உரிமையில்லை' என்று தலைகீழாயிற்று. அடித்துத் திருத்தினார். ஆயினும் அவ்வாறே சொல்ல ஒருவர் பின்னர் முன்வந்தார். 1602 இல் ரால்ஃப் புரூக் என்ற கட்டியக்காரர், தகுதியற்ற 23 பேருக்குச் சின்னம் வழங்கப்பட்டதாகக் குறை கூறினார். அப்பட்டியலில் ஷேக்ஸ்பியரும் இருந்தார். நடிகன் என்பதே அப்பெயருக்கு ஒட்டப்பட்ட அடைமொழி. மேலும், பொன்மேல் கரும்பட்டை மாலி பிரபுவின் சின்னமாயிற்றே என்பதும் தடை. டெதிக்கும் வரலாற்றறிஞர் காம்டனும் விடை அளித்தனர்: ஈட்டி இருப்பதால் இது வேறு, ஜான் நகரை நிர்வகித்தவர், ஆர்டன் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். சின்னம் நிலைத்தது.

இங்கே ஒன்று தெளிவாக வேண்டும். சின்னம் பெயருக்கு உரியதன்று. பெற்ற மனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்குமே உரியது. 'உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்' என்று அச்சிட்டு விற்கும் வணிகர்களின் கூற்றுக்கு ஆங்கிலச் சட்டத்தில் இடமில்லை. ஷேக்ஸ்பியர் என்று பெயரிருந்தாலும், ஜானின் வழியில் வராதவருக்கு அந்தக் கேடயம் இல்லை.

ஜானின் வழியோ? நாடகாசிரியரின் ஒரே மகன் ஹாம்னெட் 11 வயதில் இறந்து, 1596 ஆகஸ்டு 11 இல் அடக்கம் செய்யப்பட்டான். கேடயம் வந்ததோ அதன்பின் 70 நாள் கழித்து. தம்பியர் மூவரும் சந்ததி நிலைக்காமல் அண்ணனுக்கு முன்பே மறைந்தனர். 1616 இல் அவரும் காலமானார். அதே ஆண்டு இளைய மகள் ஜூடித் தன் முதல் மகனுக்கு ஷேக்ஸ்பியர் என்றே பெயர் சூட்டினாள். அக்குழந்தை ஆறு மாதமே வாழ்ந்தது. பேத்தி எலிசபெத் 1670 இல் இறந்ததோடு அவரது நேர்வழி முடிந்தது. ஸ்ட்ராட்போர்டுத் திருச்சபையில் அவர் சிலைக்கு மேலே, அந்த ஈட்டி தாங்கிய கேடயம் இன்றும் இருக்கிறது.