கடல் தாண்டிய தொட்டில் – 9: அழாத குழந்தை

சீனக் குழந்தையைத் தத்தெடுப்பதற்கான விண்ணப்பக் கட்டு பெய்ஜிங் போய், குழந்தையின் போட்டோவும் ஒப்புதலும் வந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். இனி, குழந்தை கைக்கு வந்த நாள்.

அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சீனாவுக்குப் போன பெற்றோர்களில் பலர் தங்கள் குழந்தையை முதலில் பார்த்தது காப்பகத்தில் அல்ல. மாகாணத் தலைநகரின் அரசு அலுவலகம் ஒன்றில், அல்லது தங்கியிருந்த ஹோட்டலில். நாலைந்து தம்பதிகள் ஒரே அறையில் காத்திருப்பார்கள். காப்பகத்திலிருந்து பல மணி நேரம் வேனில் வந்த குழந்தைகளை ஆயாக்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெயரைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்ததும் குழந்தை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறும். அவ்வளவுதான், சில நிமிஷம்.

உடனே அலறல். பத்து மாதம், ஒன்றரை வயது என்பது ஆள் அடையாளம் தெரிகிற வயது. பழகிய பேச்சு, வாசனை, படுக்கை, தூக்கிவைத்திருந்த கை எல்லாம் ஒரே பகலில் போய்விட்டன. பெற்றோருக்கு அது வருஷக்கணக்காக ஏங்கிய நாள். குழந்தைக்கோ தன்னைத் தூக்கி வளர்த்தவளைப் பறிகொடுத்த நாள். அந்த அழுகையைத் தங்களை வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு உடைந்துபோன தாய்மார்கள் உண்டு. உண்மையில் அது நல்ல சேதி. ஓர் ஆயாவிடம் ஒட்டியிருந்த குழந்தைக்கு ஒட்டத் தெரியும்; இன்னொருத்தரிடமும் ஒட்டிக்கொள்ளும்.

பயப்பட வேண்டியது சத்தமே போடாத குழந்தைக்காகத்தான். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்து 1952-ல் திரையிட்டார். முதலில் அழுகை, பிறகு ஏங்கிப்போவது, அதற்கும் பிறகு யார் வந்தாலென்ன என்ற விலகல் என்று அவரும் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் வரிசைப்படுத்தினார்கள். அன்றைய நர்ஸுகள் அந்த மூன்றாவதைத்தான் ‘குழந்தை பழகிவிட்டது’ என்று நினைத்தார்கள். ஹோட்டல் அறையில் வைத்த இடத்தில் உட்கார்ந்து, கொடுத்ததைத் தின்று, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையைச் சமர்த்து என்று மெச்சும்போது நாமும் அதே தப்பைச் செய்கிறோம்.

முதல் இரவின் பெரிய விஷயம் பால். தாய் பக்குவமாக ஆற்றிக் கொடுத்த பாலைக் குழந்தை துப்பிவிடும். ஆயாவிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்: பல காப்பகங்களில் பால் நல்ல சூடாக இருக்கும், அரிசி மாவு கலந்து கெட்டியாக இருக்கும், அது இறங்குவதற்காக நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். அதேபோல் கலக்கிக் கொடுத்தால் ஒரே மூச்சில் உள்ளே போகும். ஆனால் பல குழந்தைகள், துணிச் சுருளில் முட்டுக்கொடுத்த புட்டியை மல்லாந்து கிடந்து தனியாகக் குடித்தே வளர்ந்தவை. மடியில் வைத்துக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாடையைப் பிடித்துத் திருப்பக் கூடாது. புட்டியை நாம் பிடித்தபடி, நம் முகம் அங்கேயே இருக்க வேண்டும். நாலாம் நாளோ பத்தாம் நாளோ, குடிக்கிற நடுவில் கண் ஒரு கணம் இந்தப் பக்கம் வந்து போகும். சட்டம் கையெழுத்தில் முடித்துவைத்த உறவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வந்தபோது போட்டிருந்த சட்டையையும் துவைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பழைய வாசனை அதில் மட்டும்தான் மிச்சம்.

தாயை இறுகப் பிடித்துக்கொண்டு தகப்பனைக் கண்டாலே வீறிடும் குழந்தைகளும் உண்டு. காப்பகத்தில் கவனித்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. தகப்பன் போட்டிக்கு நிற்காமல், எட்ட உட்கார்ந்து ஒவ்வொரு பிஸ்கட்டாக நீட்டிக்கொண்டிருந்தால் போதும்.

இரண்டாவது வாரம் அமெரிக்கர்கள் குழந்தையின் விசாவுக்காகக் குவாங்சோ நகருக்குப் போவார்கள். ஷாமியன் தீவில் முத்து நதிக் கரையிலிருந்த ஒயிட் ஸ்வான் ஹோட்டலின் சிவப்பு சோபாவில் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுப்பது அவர்களின் வழக்கமாக இருந்தது. வீடு திரும்பியதும் இன்னொரு கட்டுப்பாடு: சில வாரங்களுக்குப் பெற்றோர் மட்டுமே ஊட்ட வேண்டும், தூக்க வேண்டும். விமான நிலையத்துக்கே ஓடிவந்த பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மாறி மாறி வந்த கைகளில் வளர்ந்த குழந்தை, யார் கூப்பிட்டாலும் போகும். ருமேனியக் காப்பகங்களில் இதைத் தெளிவாகக் கண்டார்கள். அங்கே 2000-ல் தொடங்கிய புக்காரெஸ்ட் ஆய்வு 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கே பற்று நன்றாக வேர்பிடித்தது.

2024 செப்டம்பரில் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பை அநேகமாக முழுவதுமாக நிறுத்தியது. கொரோனாவுக்கு முன்பே குழந்தையின் பெயரும் போட்டோவும் கைக்கு வந்து, கிளம்பத் தயாராக இருந்த குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவர்களுக்கு இந்த முதல் நாள் வரவே இல்லை. அந்தக் குழந்தைகளுக்கும்தான். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)